சல்லடை என்று எழுதிய சீட்டு

கத்தி முனை கேபிளின் கறுப்புத் தோலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. ஆழம் போகவில்லை. தோல் மட்டும் அறுபட வேண்டும். உள்ளே இருக்கும் செம்பு வலையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. இடது கைக் கட்டைவிரல் கேபிளை மெல்ல உருட்டிக் கொடுக்க, வலது கை கத்தியை ஆடாமல் பிடித்திருந்தது. பிறகு நீளவாக்கில் ஒரு கோடு. நகத்தால் நெம்பியதும் தோல் இரண்டாகப் பிளந்து வந்தது. பிளக்கின் கழுத்துவரை உரித்ததும் கைகள் நின்றுவிட்டன.

நடுக்கம்பியின் சிக்னல் வெளியே கசியாமல் இருக்க அதைச் சுற்றிப் பின்னலாக ஓடி வந்த வலை, பிளக்கைத் தொட வேண்டிய இடத்தில் பச்சை பூத்துப் பொடிந்து கிடந்தது. நூற்றுக்கு மேல் இழைகள் இருந்திருக்க வேண்டும். ஊசி முனையால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். பிளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தவை மூன்று. மறுபடி எண்ணினார். மூன்றேதான்.

அந்தக் கேபிளைச் செய்தவர் அவர். பத்து வருடத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில், ஈயம் ஒட்டப் பூசும் பசை தீர்ந்துபோனது, கடையும் மூடியிருந்தது என்று தண்ணீர்க் குழாய் வேலைக்காரரிடம் ஒரு விரல் பசை கேட்டு வாங்கி வந்து ஒட்டினார். குழாய்க்காரர்களின் பசையில் அமிலம் இருக்கும், அது மெல்லிய செம்பை நாளடைவில் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். துடைத்தது போதும் என்று நினைத்தார்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், பேருந்து டிப்போவில் வயர்லெஸ் பழுது பார்ப்பவள், எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

அந்தத் தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். ரேடியோ, வாக்கி டாக்கி, ஆம்ப்ளிஃபயர் என்று பழுது பார்க்கும் கடைகள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்கும் தெரு. யார் எந்த அளவுக் கருவி வாங்கினாலும் முதலில் அவர் மேசைக்கு வரும். அவர் அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, முடிவை ஒரு சிறு சீட்டில் எழுதி, கருவியின் அடிப்பக்கத்தில் ஒட்டித் தருவார். "வாங்கலாம்." "வாங்கலாம், விசிறியை மாற்றவும்." "வேண்டாம்." கூலி கிடையாது. யாரிடமும் உட்கார்ந்து படித்தவரில்லை. உடைசலாக வந்த கருவிகளின் கையேடுகளை எழுத்துக் கூட்டிப் படித்து, கெடுத்துத் திருத்தி, தானாகத் தேறியவர். அதனால்தானோ என்னவோ, தன் கையால் செய்த பொருளின் மேல் அவருக்கு ஒரு தனி நம்பிக்கை. மற்றவன் செய்ததைச் சந்தேகப்படுவார். தன் பொருளைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் மனைவியின் தம்பி ஒரு பெட்டி நிறைய சிக்னல் ஜெனரேட்டர்களோடு வந்து இறங்கினான். ரிசீவர் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, நமக்கு வேண்டிய அலைவரிசையில் நாமே ஒரு சிக்னலைச் செய்து அதற்குள் விட வேண்டும். அதைச் செய்து கொடுக்கும் கருவி அது. தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது, அதுவும் தராசின் கடையில். மூடிப்போன ஆய்வுக்கூடத்திலிருந்து ஏலத்தில் எடுத்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனை என்று கூப்பிடுவார்கள். மற்ற கடைக்காரர்கள் ரிசீவரைச் சுமந்துகொண்டு ஆனையிடம் வந்து வரிசையில் நிற்பார்கள். மைத்துனன் கொண்டு வந்ததோ உள்ளங்கையில் அடங்கும் சோப்பு டப்பா அளவு. விலை ஆனையின் விலையில் இருபதில் ஒரு பங்கு.

"கடைக்கு ஒண்ணு வெச்சுக்கலாம் அத்தான். யாரும் யார் வாசல்லயும் நிக்க வேணாம்" என்றான். இருந்த சேமிப்பையெல்லாம் அந்தப் பெட்டியில் போட்டிருந்தான். தெருக்கோடியில் ஒரு கடையும் பிடித்துவிட்டான். சீட்டு ஒன்றுதான் பாக்கி.

தராசு அன்று செய்த சோதனையில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. அப்படித்தான் அவர் நினைத்தார். ஒரே ரிசீவர். ஒரே கேபிள். முதலில் ஆனை, பிறகு டப்பா. ஆனைக்குள்ளேயே சிக்னலைக் குறைக்கும் அமைப்பு உண்டு. குமிழைத் திருகினால் சிக்னல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ரிசீவரில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். டப்பாவில் அந்த வசதி குறைவு. அதனால் டப்பாவிலிருந்து அதே கேபிளைப் போட்டு, தான் செய்து வைத்திருந்த குறைப்புப் பெட்டியில் கொடுத்து, அதிலிருந்து ரிசீவருக்குக் கொண்டுபோனார். பெட்டியின் அத்தனை ஸ்விட்சுகளையும் தட்டினார். சிக்னல் அடங்கவில்லை. ரிசீவர் கூவிக்கொண்டே இருந்தது. கம்பி வழியாக வராமல், காற்று வழியாக எங்கிருந்தோ கசிந்து வருகிறது என்று அர்த்தம்.

கடை வாசலில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள்.

"உன் டப்பா உடம்பெல்லாம் ஒழுகுது மாப்ள" என்றார்.

மைத்துனன் குனிந்து பார்த்தான். ரிசீவரைத் தட்டிப் பார்த்தான். "அத்தான், எதுக்கும் கேபிளை மாத்திப் பாருங்களேன்."

"கேபிளையா? இதே கேபிள்லதானே ஆனையும் பாத்தோம்? அது கசிஞ்சுதா?"

"இல்ல. இருந்தாலும்..."

"என் கேபிள் பேசாது மாப்ள. உன் டப்பாதான் பேசுது."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் அவர் சீட்டை எடுத்தார். "வேண்டாம்" என்று எழுதியிருந்தால் போதும். அதுவரை ஆயிரம் சீட்டு எழுதியிருப்பார், ஒன்றிலும் அலங்காரம் இருந்ததில்லை. அன்று கை ஒரு வார்த்தையைக் கூடுதலாக எழுதியது. "வேண்டாம். சல்லடை."

தெரு அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முதலில் அது டப்பாவின் பெயரானது, பிறகு கடையின் பெயரானது, மூன்றாவது மாதம் ஆளின் பெயரானது. "சல்லடை வந்தானா?" "சல்லடைகிட்டச் சொல்லி விடு." ஒரு டப்பாகூட விற்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் கடையைக் காலி செய்துவிட்டு, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை நிலையத்தில் மெஷின் பார்க்கும் வேலைக்குப் போனான். குடும்பத்தில் வரப்போக இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, மழை, முதுகுவலி எல்லாம் பேசுவார்கள். டப்பாவைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது.

இப்போது அந்த டப்பாக்களில் ஒன்றுதான் மேசையில் இருந்தது. டிப்போப் பெண் பழைய சாமான் கடையில் குப்பையோடு குப்பையாக எடுத்திருந்தாள். அடியில் அவருடைய சீட்டு பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. ஆனா எங்க டிப்போவுல இது கசியலையேண்ணே. அதான் குழப்பமாயிருக்கு. வெச்சுக்கவா, தூக்கிப் போடவா?"

அவர் பழையபடியே குறைப்புப் பெட்டியை எடுத்தார். பழையபடியே தன் கேபிளை மாட்டினார். ரிசீவர் பழையபடியே கூவியது.

"பாத்தியாம்மா? சும்மா எழுதுவேனா?"

அவள் பையிலிருந்து தன் கேபிளை எடுத்து நீட்டினாள். "இதைப் போட்டுப் பாருங்கண்ணே."

ஒரு கணம் யோசித்தார். வாங்கி மாட்டினார். ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட சிக்னல் தேய்ந்து, அடங்கி, கடைசியில் சுத்தமான இரைச்சல் மட்டும் கேட்டது. அன்று மைத்துனன் சொல்லிக் கேட்காததை இன்று இவள் சொன்னதும் ஏன் கேட்டோம் என்று பின்னால் யோசித்தபோது அவருக்கு இன்னும் கூசியது. அன்று வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். இன்று யாருமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார். மூன்று இழைகளைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஆனை தனக்குள்ளேயே சிக்னலைக் குறைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும். கேபிளில் ஓடியது வெறும் முணுமுணுப்பு. ஓட்டைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓட்டை தெரியுமா? டப்பாவோ முழுக் குரலையும் கேபிளில் விட்டது. குறைப்பது அதற்கப்புறம் இருந்த பெட்டியின் வேலை. பெட்டிக்குப் போகும் முன்பே குரல் ஓட்டை வழியாக வெளியேறி, காற்றில் நடந்து, ரிசீவரில் ஏறிக்கொண்டது. கசிந்தது டப்பா அல்ல. இரண்டுக்கும் ஒரே கேபிள், அதுதான் நியாயம் என்று நினைத்தாரே, அந்த நியாயம்தான் கவிழ்த்துவிட்டது. இடைப்பட்ட ஒன்பது வருடமும் அதே கேபிள் ஆனையோடு ஓடியது. எப்போதாவது இரைச்சல் கூடினால் பக்கத்துக் கடை வெல்டிங் மெஷினைத் திட்டுவார்.

"ஒரு வாரம் இதை எங்கிட்ட விட்டுட்டுப் போம்மா" என்றார் பெண்ணிடம். "சரியாப் பாத்துத் தரேன்."

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உன் தம்பிக்கு இப்ப எந்த ஷிஃப்ட்டு?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "என்னங்க அதிசயமா இருக்கு. அவனுக்கு எந்த ஷிஃப்ட்டுன்னு ஒம்போது வருஷமாக் கேட்டதில்ல."

சொன்னார். பசை, வலை, மூன்று இழை எல்லாம். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் ஓர் இடத்தில் கை நின்றது.

"அன்னிக்கு அவன் கேபிளை மாத்துங்கன்னு சொன்னான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"டீ டம்ளரோட கடைப் பின்வாசல்ல நின்னேனே. மாத்தித்தான் பாருங்களேன்னு சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. சொல்லாம உள்ள போயிட்டேன்." ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்தாள். "காலைலதான். ஆறு மணிக்குப் போயி ரெண்டு மணிக்கு வருவான்."

அந்த ஒரு வாரமும் அவர் வேறு வேலை தொடவில்லை. குற்றவுணர்ச்சியில் டப்பாவைத் தூக்கிக் கொண்டாடிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அதுவும் பொய்ச் சீட்டாகத்தான் இருக்கும். இயக்கிய உடனே அலைவரிசை நிலைகொள்ளாமல் நகர்ந்தது. சூடேறியபின் நின்றது. முந்நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் திரையில் காட்டிய அளவைவிட மூன்று டெசிபெல் குறைவாகவே வெளியே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே மூன்றுதான். குற்றம் மாறாமல் இருந்தால் அதோடு வேலை செய்யலாம். கேட்ட அலைவரிசையின் இரண்டு மடங்கில் ஒரு நிழல் சிக்னலும் சேர்ந்து வந்தது. சிறிய வடிகட்டி ஒன்றைச் செய்து மாட்டியதும் அடங்கியது. ஆய்வுக்கூடத்துக்கு லாயக்கில்லை. இந்தத் தெருவின் வேலைக்கு, அந்த விலைக்கு, தாராளமாக வாங்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன்பும் வாங்கியிருக்கலாம்.

புதிய கேபிள் ஒன்று செய்தார். நல்ல பசை. பழைய கேபிளில் பிளக்கோடு சேர்த்து அரை விரல் நீளத்தை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை டீக்கடையில் தெருக்காரர்கள் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனார். நின்றபடியே சொன்னார். "அந்தச் சீட்டு தப்பு. டப்பா நல்ல டப்பா. தப்பு என் கேபிள் மேல, என் மேல."

ஆம்ப்ளிஃபயர் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ சல்லடை மேல தப்பே இல்லைங்கறீங்க?"

"இல்ல."

"அடப் பாவமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் அவர். "நல்ல பையன் அண்ணே, சல்லடை."

தராசு அங்கே நிற்காமல் கிளம்பினார். சீட்டைக் கிழிக்கலாம். அந்த வார்த்தையை எந்தக் கத்தியால் சுரண்டுவது?

மறுநாள் காலை சலவை நிலையத்துக்குப் போனார். ஆளுயர மெஷின்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. வெந்நீர் ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் மைத்துனன் ஒரு தள்ளுவண்டி நிறைய ஈரப் படுக்கை விரிப்புகளோடு நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன அத்தான், துவைக்க ஏதாவது கொண்டாந்தீங்களா?"

அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து, துணி மடிக்கும் மேசையில் வைத்தார். மைத்துனன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். உடனே தொடவில்லை.

"எங்க கெடச்சுது?"

"பழைய சாமான் கடைல ஒரு பொண்ணு எடுத்திருக்கு."

"மிச்சத்தையெல்லாம் எடைக்குத்தானே போட்டேன். அதுல ஒண்ணா இருக்கும்." டப்பாவின் குமிழை ஒரு விரலால் திருகினான். "இங்கயும் எனக்கு அதே பேருதான், தெரியுமா? மூட்டை எறக்க வந்தவன் ஒருத்தன் நம்ம தெரு. மொத நாளே கூப்பிட்டுட்டான்."

அவர் சட்டைப்பையிலிருந்து கேபிள் துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, நகத்தால் விலக்கிப் பார்த்தான்.

"மூணு" என்றான்.

"மூணுதான்."

"மாத்திப் பாருங்கன்னு சொன்னேன்."

"சொன்னே மாப்ள."

"நீங்க என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

மெஷின் ஒன்று சுற்றி முடித்து, குலுங்கி நின்றது. அந்த அமைதியில் சொல்ல வேண்டியதாயிற்று. "'என் கேபிள் பேசாது, உன் டப்பாதான் பேசுது'ன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றான் மைத்துனன். "நானும் கூடச் சிரிச்சேன் அத்தான். அதுதான் எனக்கு ஆறல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை ஒரு வாரமாக வாயில் இருந்தது. இந்த இடத்தில் அது ரொம்பச் சின்னதாக இருந்தது. ஆனாலும் சொன்னார். மைத்துனன் டப்பாவைக் கவிழ்த்துப் புதிய சீட்டைப் படித்தான். வாய்க்குள் முனகியபடி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தான்.

"வாங்கலாம். கசிவு இல்லை, முன்பு எழுதியது என் கேபிளின் குற்றம். அரை மணி நேரம் சூடேறிய பின் அளக்கவும். முந்நூறுக்கு மேல் மூன்று டெசிபெல் கழிக்கவும். வடிகட்டி அவசியம்."

விரல் மூன்றாவது வரிக்குத் திரும்பி வந்தது.

"அரை மணி பத்தாது. நாப்பது நிமிஷம். அரை மணிக்கு நின்ன மாதிரி இருக்கும், அப்புறம் இன்னொரு தடவை நகரும். நீங்க அரை மணியோட விட்டிருப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆமாம், அரை மணியில் நின்றதும் குறித்துக்கொண்டுவிட்டார். "பேனா வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

துணிக்கணக்கு எழுதும் பேனா மேசையில் கட்டியிருந்தது. அதை எடுத்து அவனிடமே நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். பிறகு "அரை மணி நேரம்" என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே "40 நிமிடம்" என்று எழுதினான். டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க." இரண்டடி போய்த் திரும்பினான். கையிலிருந்த கேபிள் துண்டைக் காட்டினான். "இது எங்கிட்டயே இருக்கட்டும்."

சனிக்கிழமை டிப்போப் பெண் வந்தாள். டப்பா, வடிகட்டி, சுருட்டிக் கட்டிய புதுக் கேபிள் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். அவள் நேராக டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டைத்தான் படித்தாள்.

"நாப்பதுன்னு வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே?"

"ஆமா. மிஷினு தெரிஞ்சவரு எழுதினது. அதுதான் சரி."

"டிப்போவுல இன்னும் ரெண்டு பேரு கேக்கறாங்கண்ணே. இதை வித்தவரு எங்கயாவது இருக்காரா?"

"இருக்காரு" என்றார். கேபிளின் பிளக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிடிப்பு நன்றாக இருந்தது. "இப்ப விக்கிறதில்லம்மா."

டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, அவளிடம் கொடுத்தார்.